சிவப்பு மையில் நான் அடித்த ஒரு சொல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். அவசரக்காரர்கள் கடைசிக்குப் போய்விடுங்கள்; அங்கே உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன வாரம் 2004 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. நம் பள்ளியில் அந்தக் காலத்தில் இரண்டு ஆசிரியர்களுக்குள் ஏதோ மனஸ்தாபமாமே, என்னதான் நடந்தது என்று ஆளாளுக்குக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் ஒருத்தி, "ஸ்பில் தி டீ, டீச்சர்!" என்று போட்டாள். பக்கத்தில் ஒரு டீக் கோப்பைப் படம் வேறு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டீ காலையிலேயே குடிச்சிட்டேன் கண்ணு, சிந்தல" என்று பதில் போட்டேன். அதற்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணி முடியவில்லை. பக்கத்தில் இருந்த பேத்திதான் சொன்னாள்: "ஆயா, அப்படின்னா ரகசியத்த சொல்லுங்கன்னு அர்த்தம்."

முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் நடத்தியவளுக்குப் பேத்தி பாடம் எடுக்கிறாள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு சொல் இடறினால் நான் சும்மா போக மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று ராத்திரியே உட்கார்ந்து அந்த 'ஸ்பில்'லைத் துருவ ஆரம்பித்தேன். வேடிக்கையாகத் தொடங்கியது, படுக்கப் போகும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சுலபமானது. 'டீயைச் சிந்து' என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்து, இப்போது உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் சொல்வது. அதற்கு முன்னால் 'ஸ்பில் தி பீன்ஸ்' என்று ஒன்று இருந்தது. நான் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதுவும் அமெரிக்காவில் பிறந்ததுதான். வயது நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். பழைய கிரேக்கர்கள் ஜாடியில் அவரைக்கொட்டை போட்டு ஓட்டெடுத்தார்கள், ஜாடி கவிழ்ந்து ரகசியம் வெளியே வந்தது, அதிலிருந்து வந்த வழக்கு இது என்று ஒரு கதை உலவுகிறது. கிரேக்கர்கள் காலத்துக்கும் இந்த வழக்குக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. நம்பாதீர்கள். கதை நன்றாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியில் முதல் பாடம்.

வகுப்பில் இந்தச் சொல் என்னைப் படுத்திய பாடு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 'ஸ்பெல்லிங் மிஸ்டேக்' என்று எழுதச் சொன்னால் 'ஸ்பில்லிங் மிஸ்டேக்' என்று எழுதுவீர்கள். "எழுத்த சிந்திட்டியா, பொறுக்கு" என்று நான் சொல்வேன், வகுப்பே சிரிக்கும். இறந்தகாலத்துக்கு 'ஈ-டி' போடுவதா, 'டீ' மட்டும் போடுவதா என்று ஒரு சண்டை. இரண்டும் சரிதான். அமெரிக்கக்காரர் முன்னதை எழுதுவார், பிரிட்டிஷ்காரர் இரண்டையும் எழுதுவார். உதாரண வாக்கியம் எப்போதும் ஒன்றே: பையன் பாலைச் சிந்தினான். பால் சிந்தியது. பார்த்தீர்களா, ஒரே வினைச்சொல், ஒன்றில் செயப்படுபொருள் உண்டு, ஒன்றில் இல்லை. தமிழ் ஐயா வகுப்பில் படித்த செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை இரண்டும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். முப்பது வருஷமாக என் 'ஸ்பில்'லில் பால் மட்டும்தான் சிந்தியது. மிஞ்சிப் போனால் இங்க்.

இத்தனைக்கும் என் தாய்மொழியில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை. சிந்து, சிதறு, கொட்டு, ஊற்று, வழி, தளும்பு, ஒழுகு, கசி. அரிசி சிதறும், சிந்தவும் செய்யும். குழம்பு கொட்டும். கூரை ஒழுகும். குடம் தளும்பும். சுவர் கசியும். ஒன்றின் இடத்தில் ஒன்றைப் போட முடியாது. பொங்கலைப் பாருங்கள்: பானையில் பால் பொங்கி வழிந்தால் வேறு ஊரில் அடுப்பை அணைக்க ஓடுவார்கள், நாம் அதற்காகவே காத்திருந்து குலவை போடுகிறோம். ஏரி நிரம்பி வழிவதற்கு இங்கிலீஷில் 'ஸ்பில்வே' என்று ஒரு வழி கட்டுவார்கள். நம் ஊர்க்காரர்கள் அதற்குக் கலிங்கு என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 1944-ல் கட்டிய பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்துவிட்டால் அது கொசஸ்தலை ஆற்றோடு வந்து நம் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலில் சேரும். அந்தத் தண்ணீர் வந்தால் எங்கள் அப்பாவுக்குச் சந்தோஷம். முகத்துவாரம் வெட்டிக்கொண்டு கடலும் ஆறும் ஒன்றாகும், இறால் ஏறும்.

அம்மா மீன் கூடையோடு கத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவாள். ஐஸ் உருகிக் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும். "இன்னாம்மா இப்படி சிந்திக்கினு வர்ற" என்று சத்தம் போடாத ஆள் கிடையாது. அம்மா கூடைக்கு அடியில் சாக்கு மடித்து வைப்பாள், அப்போதும் சொட்டும். ஒரு முறை ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் முந்தானையாலேயே அவர் செருப்பைத் துடைத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. நாம் சிந்தினால் நாம்தான் துடைக்க வேண்டும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வால்டர் ஸ்கீட் தொகுத்த இங்கிலீஷ் சொற்பிறப்பு அகராதி ஒன்று இருக்கிறது. மூர் மார்க்கெட் எரிந்துபோன பிறகு அந்தப் பக்கம் வைத்த பழைய புத்தகக் கடைகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அட்டை போய்விட்டது. அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். பிறகு பேத்தியின் போனிலும் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின.

'ஸ்பில்' என்றால் முதலில் சிந்துவது அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் 'ஸ்பில்லன்' என்ற வினைக்கு அழிப்பது, சிதைப்பது, கொல்வது என்றுதான் பொருள். பக்கத்து நார்ஸ் மொழியிலும் 'ஸ்பில்லா' என்றால் அழிப்பது. அழித்தலிலிருந்து வீணடித்தல் என்ற பொருள் கிளைத்தது. 14-ம் நூற்றாண்டில் இரத்தம் சிந்தச் செய்வதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். கொல்கிறவன் இரத்தத்தைச் சிந்த வைக்கிறான் அல்லவா, அப்படி. அந்த இரத்தத்தின் வழியாகத்தான், அதே நூற்றாண்டில், வேறு எந்தத் திரவமும் பாத்திரத்தை விட்டு வெளியே விழுவதற்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது. அதே நூற்றாண்டுக்காரரான சாசர் கவிதைகளில் இந்தச் சொல்லுக்குக் கொல்லுதல், அழிதல் என்ற பொருள் சாதாரணமாக வரும். 200 வருஷம் கழித்து ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் அரசி பேசும் ஒரு இடத்திலும் அழிவு என்ற பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அந்தப் பொருள் செத்து, பால் மட்டும் மிஞ்சியது.

தமிழில் இரத்தம் சிந்துவது, வேர்வை சிந்துவது, கண்ணீர் சிந்துவது என்று நமக்கும் ஒரு 'சிந்து' இருக்கிறது. ஆனால் நம் சிந்து எப்போதும் விழுவதுதான், கொல்வதில்லை. இங்கிலீஷ் சொல் தலைகீழாக வந்திருக்கிறது: கொலையில் தொடங்கி, இரத்தத்தில் இறங்கி, குழந்தை தட்டிவிட்ட பால் டம்ளரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

படித்ததும் அகராதியை மூடிவிட்டேன். எனக்கு ஒரு நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

2017 ஜனவரி 28. விடியற்காலை 4 மணி வாக்கில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல், மற்றது டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பல். முதலில் வந்த செய்திகளில் எண்ணெய் எதுவும் வெளியேறவில்லை என்றுதான் இருந்தது. அடுத்தடுத்த நாளில் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. உறிஞ்சும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். கூழ் அத்தனை கெட்டி, இயந்திரத்துக்கு இழுக்க வரவில்லை. கடைசியில் ஆட்கள் வரிசையாக நின்று வாளியால் மொண்டு கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. அது ஆமைகள் முட்டையிட வரும் பருவம். செத்த ஆமைகளும் கரையில் ஒதுங்கின.

பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கு, கரையில் பார்த்ததைப் பத்து வரியில் எழுதி வாருங்கள் என்று சொன்னேன். பொதுத்தேர்வு வருகிறது, பயிற்சியாகவும் இருக்கும் என்றுதான். பாதிப்பேர் செய்தித்தாளைப் பார்த்து எழுதி வந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். முதல் வாக்கியம்: "தி ஷிப் பீப்பிள் கில்ட் தி சீ." கப்பல்காரர்கள் கடலைக் கொன்றுவிட்டார்கள்.

நான் அந்த 'கில்ட்'டைச் சிவப்பு மையால் அடித்தேன். மேலே 'ஸ்பில்ட் ஆயில் இன் டு' என்று எழுதினேன். ஓரத்தில், "உயிருள்ளதைத்தான் கொல்ல முடியும். சரியான வினைச்சொல்லைப் பயன்படுத்து" என்று ஒரு குறிப்பு. பத்துக்கு ஆறு போட்டேன். நோட்டைக் கொடுக்கும்போது வகுப்பில் அதை உரக்கச் சொல்லி விளக்கவும் செய்தேன். அவள் எழுந்து நின்று "சரி டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யார் அதைச் சொன்னது பாருங்கள். நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள். படகை இறக்குமுன் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டு, "ஆத்தா, பார்த்து அனுப்பு" என்று சொல்லும் அப்பாவின் மகள். கடலுக்கு உயிர் இல்லை என்று மீனவப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன், அதுவும் எந்தச் சொல்லைச் 'சரி' என்று எழுதிக் கொடுத்தேனோ, அந்தச் சொல்லுக்கே கொல்லுதல் என்றுதான் பொருளாக இருந்திருக்கிறது. அந்தப் பெண் அகராதி பார்த்து எழுதவில்லை. கரையைப் பார்த்து எழுதினாள்.

இதை இத்தோடு விட்டிருப்பேன், 2023 டிசம்பர் இல்லாமல் இருந்திருந்தால்.

மிக்ஜாம் புயல் மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையே மிதந்தது. வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் எல்லாம் விடாமல் போன் செய்துகொண்டே இருந்தீர்கள். மழை விட்டதும் தண்ணீரோடு ஒரு நாற்றம் வந்தது. மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்த வெள்ளம் ஆற்றுக்குள் வந்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போனது. கடலில் 20 சதுர கிலோமீட்டர் வரை பரவியது என்று கடலோரக் காவல்படை சொன்னது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், நம் நெட்டுக்குப்பம் எல்லாம் ஒரே கறுப்பு. வலை, படகு, அலையாத்திச் செடிகளின் வேர், கூழைக்கடா இறக்கை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் கால் வைக்க முடியவில்லை. சுத்தம் செய்யவும் நம் ஆட்களைத்தான் கூலிக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாட்களில் வெறுங்கையிலும் மக்கிலும் அள்ளினார்கள். கையுறை எல்லாம் பிறகுதான்.

நாளிதழ்கள், டிவி எல்லாவற்றிலும் ஒரே சொல்: எண்ணெய்க் கசிவு.

அந்த வாரம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். 1990-களில் படித்தவன், இப்போது சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். எத்தனை முறை கழுவியும் விரல் இடுக்கில் கறுப்பு போகவில்லை. "டீச்சர், குழு ஒண்ணு பார்க்க வருதாம். தமிழ்ல மனு எழுதிட்டோம். இங்கிலீஷ்லயும் ஒரு காப்பி குடுக்கணும்னு சொல்றாங்க. நீங்க எழுதித் தரணும்" என்றான். நான் பேனாவை எடுத்து, செய்தித்தாளில் இருந்தபடியே 'ஆயில் லீக்' என்று தொடங்கி, வாசித்துக் காட்டினேன்.

அவன் நிறுத்தினான். "லீக்குன்னா எங்க வூட்டு பைப்பு சொட்டுறதுதானே டீச்சர்?"

சொட்டுவதுதான். அவனுக்குத் தெரியாதது, அந்தச் சமயத்தில் அதுதான் பெரிய விவகாரமாகவும் இருந்தது. ஆரம்பத்தில் வந்த செய்திகளில் 'குழாயில் கசிவு எதுவும் இல்லை' என்றும் ஒரு வாசகம் இருந்தது. அந்த வாசகம் உண்மையாகவே இருக்கலாம். ஒரு குழாயும் உடையாமலேயே ஒரு ஆறு முழுக்க எண்ணெய் வரலாம். 'கசிவு' என்ற சொல்லை வைத்துக்கொண்டால், கசியவில்லை என்று சொல்லியே ஒருவர் நகர்ந்துவிடலாம்.

சரி என்று 'லீக்'கை அடித்துவிட்டு 'ஸ்பில்' போட்டேன். "சிந்திடுச்சுன்னா?" என்றான். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நீ எப்படிச் சொல்லுவே?"

"ஆத்துல ஆயில வுட்டுட்டானுங்க. அவ்ளோதான் டீச்சர்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். நீங்களும் ஒரு நிமிஷம் அந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'வுட்டுட்டானுங்க'. கடைசியில் இருக்கும் அந்த '-ஆனுங்க'வில் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர் இல்லை, ஆனால் ஆள் உண்டு. தமிழ் வினைமுற்றுக்கு அந்தக் குணம் உண்டு: யார், எத்தனை பேர், எப்போது என்பதை விகுதியிலும் இடைநிலையிலும் சொல்லிவிடும். 'கசிவு' அப்படி இல்லை. அது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது, இடம் காட்டாது, பால் காட்டாது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். கசி என்ற வினையே செயப்படுபொருள் குன்றியது. எண்ணெயை யாரும் 'கசிக்க' முடியாது; எண்ணெய் தானாகக் கசியும். இதை நான் சதி என்று சொல்ல வரவில்லை. செய்தி எழுதும் தம்பிகள் அவசரத்தில் கைக்கு வந்த சொல்லைப் போடுகிறார்கள். ஆனால் ஊரில் ஒரு வாயில்கூட நான் அந்த வாரம் 'கசிவு' என்று கேட்கவில்லை. கரைக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாரும் 'கசிந்தது' என்றார்கள், கரையில் இருந்தவர்கள் எல்லாரும் 'விட்டார்கள்' என்றார்கள்.

இங்கிலீஷும் ஒழுங்கில்லை. அங்கே 'ஆயில் ஸ்பில்' என்பது இப்போது ஒரே பெயர்ச்சொல் மாதிரி ஆகிவிட்டது. 1967-ல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரம் டோரி கேன்யன் என்ற கப்பல் பாறையில் மோதி, அதிலிருந்த ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் போனதும் ஸ்பில். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து போனதும் ஸ்பில். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் செத்து, கடலடிக் கிணறு 87 நாள் பீய்ச்சி அடித்ததும் ஸ்பில்தான். டம்ளர் கவிழ்ந்த சொல்லுக்குள் இத்தனையும். நம் நாட்டில் கடலோரக் காவல்படையின் பொறுப்பில் இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. அதில் அளவை வைத்துப் படி பிரித்திருக்கிறார்கள். 700 டன் வரைக்கும் முதல் படிதான். படிப்பவருக்கு எண். நம் ஆறு எத்தனை டன் தாங்கும் என்று யாரும் படி போட்டதில்லை.

மனுவுக்குத் திரும்புகிறேன். 'அவர்கள் விட்டார்கள்' என்று இங்கிலீஷில் எழுதலாம்தான். எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயம். என் தங்கை மகன் அந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் உங்களுக்கு முப்பது வருஷம் நடத்திய பாடத்திலேயே போய் ஒளிந்துகொண்டேன். செயப்பாட்டு வினை. பாஸிவ் வாய்ஸ். செய்தவர் தெரியாவிட்டாலோ, தெரிந்தே இருந்தாலோ, 'பை' போட்டுப் பெயர் எழுத வேண்டியதில்லை என்று சொல்லிக் கொடுத்தேனே, அதே விதி. செய்தவரைச் சொல்லப் பயமாக இருந்தாலும் எழுத வேண்டியதில்லை என்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்த விதியை அதிகமாகப் பயன்படுத்துவது அதற்குத்தான் என்று அன்று தெரிந்தது.

கடைசியில் இப்படி எழுதினேன்: 'எங்கள் ஆற்றுக்குள் எண்ணெய் விடப்பட்டது.' 'லெட் இன் டு அவர் ரிவர்.' கசிவும் இல்லை, சிந்தலும் இல்லை. ஆள் இல்லாவிட்டாலும், ஒரு கை இருந்தது என்றாவது அதில் தெரியும். அவன் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "பரவால்ல டீச்சர்" என்று வாங்கிக்கொண்டு போனான். பரவாயில்லை என்றால் என்ன மார்க் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அந்த மனுவால் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. அதெல்லாம் என் இங்கிலீஷால் வந்தது அல்ல.

அந்த மாதம் முடியுமுன் இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பத்தில் ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியே வந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் இருட்டில் ஓடினார்கள். அடுத்த நாள் தலைப்பு: அம்மோனியா கசிவு. இது குழாயிலிருந்து வந்ததுதான், இங்கே அந்தச் சொல் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு செய்திக்கும் ஒரே சொல். மூன்று வாரத்துக்குள் இரண்டு 'கசிவு' என்றால், வெளியூரில் படிக்கிறவர்களுக்கு எண்ணூர் என்பது ஏதோ பழைய வீடு, அங்கங்கே ஈரம் கசிகிறது என்றுதான் தோன்றும். அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் மகன் அப்படித்தான் கேட்டான்: "அத்தை, இன்னும் கசிவு சரியாகலையா?"

வீட்டில் அந்த வருஷப் பொங்கலுக்கு மருமகள் வாசலில் பானை வைத்தாள். ஆற்றங்கரைக் காற்றில் இன்னும் எண்ணெய் வாடை போகவில்லை. பால் பொங்கி வழிந்தது, பேத்தி குலவை போட்டாள். வழிந்த பால் அடுப்பங்கல்லில் பொசுங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது எனக்கு 'ஸ்பில்'லின் பூர்வ கதை தெரியாது. தெரிந்திருந்தால் மனுவில் அந்தச் சொல்லையே விட்டு வைத்திருப்பேனோ என்னவோ. யாருக்குப் புரிந்திருக்கப் போகிறது, நமக்கு மட்டும் தெரிந்த ஒரு பொருளாக உள்ளே இருந்திருக்கும்.

இப்போது உதவி.

2016–17 பத்தாம் வகுப்பு பேட்ச் பிள்ளைகளே, நீங்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? அந்தப் பெண் ஜன்னலோர வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இங்கிலீஷ் சின்ன 'ஐ' எழுதும்போது மேலே புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுவாள். அதற்கும் நான் திட்டியிருக்கிறேன். பழவேற்காட்டுப் பக்கம் கல்யாணமாகிப் போனதாக யாரோ சொன்னார்கள். பெயரை இங்கே போட வேண்டாம், கமென்ட்டிலும் எழுத வேண்டாம். அவள் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்; இல்லை, இந்தப் பதிவை அவளுக்கு அனுப்பினாலும் போதும். அந்த நோட்டு எடைக்குப் போகாமல் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிவப்புப் பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது. மார்க்கைத் திருத்தித் தர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நெட்டுக்குப்பம்.